யாரும் கேட்டு வாங்காத சதை

மாட்டின் உடம்பில் எனக்குத் தெரியாத சந்தில்லை.
விலா, தொடை, சப்பை, முதுகெலும்பை ஒட்டிய மெத்துக் கறி,
கண்ணை மூடிக்கொண்டு கத்தி வைப்பேன்.
என் உடம்பில் ஒன்று,
வால்நட் அளவு என்றார்கள்,
யாரும் கேட்டு வாங்காத சதை,
அறுபத்து மூன்று வருடமாக அங்கேயே இருந்திருக்கிறது
ஒரு வார்த்தை பேசாமல்.

டாக்டர் எச்செகாராய்க்கு என் மகள் வயதுகூட இருக்காது.
காகிதத்தை என் பக்கம் திருப்பி
ஆறு புள்ளி எட்டைப் பேனாவால் தொட்டாள்.
"புற்றுதான். மெதுவாக நகர்கிற வகை.
இப்போதைக்கு வெட்ட வேண்டாம், எபேர்.
கவனித்துக்கொண்டே இருப்போம்."

பைசாண்டு ஊரில் முப்பத்தெட்டு வருடமாய்
வெட்டிப் பிழைக்கிறவனிடம்
வெட்ட வேண்டாம் என்கிறாள்.
சிரித்துவிட்டேன். அவளுக்குப் புரியவில்லை.
திரும்பும் பேருந்தில்
எனக்கும் புரியவில்லை.

அன்றிரவு கடையடைத்த பிறகு
அரைமாடு நிறுக்கும் தராசில்
பூட்ஸைக் கழற்றிவிட்டு ஏறினேன்.
நூற்றுப் பதினொரு கிலோ.
எலும்பு நீக்கினால் எவ்வளவு தேறும் என்று
மனசு தானாகக் கணக்குப் போட்டது.

நெலிடா உப்புச் சாடியை
மேல் தட்டில், கல்யாணக் கோப்பைகளுக்குப் பின்னால் ஒளித்தாள்.
கசாப்புக்காரன் வீட்டில் பயறு வெந்தது.
தக்காளி வந்தது, கீரை வந்தது,
பெயர் தெரியாத ஒரு தானியம் வந்தது.
மாத்தே குடுவையை மட்டும் அவள் தொடவில்லை.
தொட்டால் என்ன ஆகும் என்று
இரண்டு பேருக்குமே தெரியும்.

விடிவதற்கு முன்பு ஆற்றங்கரை.
முதல் வாரம் துறைமுகக் கிரேன் வரைதான்,
அதற்குள் மூச்சு
வேறு யாருடையதோ போல் இரைந்தது.
பிறகு பாலம் தெரிகிற வளைவு வரை.
பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஜூலையில் ஒரு நாள், சொல்லிவிடுகிறேன்,
குளிர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு
தொங்கும் கொக்கிகளுக்கு நடுவே நின்றபடி
அரை சலாமியைக் கத்தியாலேயே அரிந்து தின்றேன்,
சொந்தக் கடையில் திருடனாக.
உப்பாக இருந்தது.
வெறும் உப்பு.
அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நெருப்பு மட்டும் அணையவில்லை.
அவர்களுக்கு விலா.
எனக்கு, கம்பிவலையின் ஓரத்தில்,
கறுத்து வெடித்துத் தேன் கசிகிற கத்தரிக்காய்.
டெல்மிரோதான் ஆரம்பித்தான்:
"புல்லை நீ நேரடியாகவே தின்றுவிடுகிறாய்,
நடுவில் மாடு என்ற தரகர் எதற்கு!"
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
நல்ல நகைச்சுவைதானே.

பிறகு கொல்லைக் குழாயடியில்
அவன் ரொம்ப நேரம் கை கழுவினான்.
தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டான்:
"ராத்திரி நான்கு தடவை எழுந்திருக்கிறேன்.
நான்கு என்றால்,
அதிகமா?"

துண்டை நீட்டினேன்.
நாளைக்கு ஐந்தரைக்குக் கிரேன் பக்கம் வா,
நடந்துகொண்டே பேசலாம் என்றேன்.

போன மாதம் மறுபடி ரத்தம் எடுத்தார்கள்.
ஆறு புள்ளி ஒன்பது.
கீரையும் நடையும் அதைக் கரைத்துவிடும் என்று
அவள் ஒருபோதும் சொன்னதில்லை,
நான்தான் ரகசியமாய் நினைத்திருந்தேன்.
"பரவாயில்லை," என்றாள், "நாடித்துடிப்பு அருமை.
பத்துக் கிலோ எங்கே போட்டாய்?"

டெல்மிரோ வந்தான்,
மகனுடைய ஷூவை மாட்டிக்கொண்டு.
பாதி வழியில் நின்று, ஒன்றும் சொல்லாமல்,
ஒரு வில்லோ மரத்தின் பின்னால் போனான்.
மூடுபனி. எதிர்க்கரை அர்ஜென்டினா
இருக்கிறதா என்பதே தெரியவில்லை.
நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
நேரமாயிற்று.
விசிலடித்தேன், அவனுக்குக் கூச்சமாக இருக்கக் கூடாதென்று.

கறி சுற்றும் தாளில் அவள் தொலைபேசி எண்ணை
பெரிய எழுத்தில் எழுதி,
நான்காக மடித்து
பையில் வைத்திருக்கிறேன்.