காலி எடை

பிரானூர் பார்டரில் புரோட்டா அடிக்கும் சத்தம்
சாயங்காலம் நாலு மணிக்கே தொடங்கிவிடும்.
எடைமேடை அறையின் ஜன்னலைச் சாத்திக்கொண்டு
கஞ்சி உறிஞ்சுகிறேன்,
ஒரு டம்ளருக்கு நாற்பது நிமிடம்.

எட்டு வருடமாக என் இரைப்பையின் கழுத்தில்
ஒரு வளையம் கிடக்கிறது.
சிலிக்கான். மோதிரம் மாதிரிதான் என்றார்கள்.
மோதிரத்தைச் சோப்புப் போட்டாவது கழற்றலாம்.

கேரளா போகிற லாரிகள் மேடை ஏறுகின்றன,
காலியாக ஒருமுறை, பாரத்தோடு ஒருமுறை.
இதிலிருந்து அதைக் கழித்தால் சரக்கு.
நூற்றுப் பதினெட்டோடு போனேன்.
எழுபத்தொன்பதுக்கு இறங்கினேன்.
இப்போது தொண்ணூற்றொன்று.
இதில் எது வண்டி, எது சரக்கு
என்று கேட்டால் இந்தக் கம்ப்யூட்டர் முழிக்கும்.

திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில்
குழல்வாய்மொழி என்ற என் பெயரை எழுத
அந்தச் சேச்சி மூன்று முறை அடித்துத் திருத்தி
கடைசியில் ‘மொழி’ என்று முடித்துவிட்டாள்.
வாயைக் கழித்த பெயரோடுதான்
மயக்க ஊசி போட்டுக்கொண்டேன்.

பொய் சொல்லக் கூடாது.
முதல் இரண்டு வருடம் நன்றாகத்தான் இருந்தது.
ஐந்தருவிக்கு மூச்சு வாங்காமல் நடந்தேன்.
ஷேர் ஆட்டோவில் யாரும்
‘ரெண்டு டிக்கெட்’ என்று முணுமுணுக்கவில்லை.
கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்,
பார்க்க யாரும் இல்லாதபோதும்.

பிறகு இரவுகள் புளிக்க ஆரம்பித்தன.
மூன்று தலையணை. தொண்டை வரை நெருப்பு.
இசக்கிராஜ் தூக்கத்திலேயே என் முதுகைத் தட்டுவார்,
குழந்தைக்குத் தட்டுவது போல,
எங்கே வலிக்கிறதென்று தெரியாமல்.
நாத்தனார் வீட்டுச் சடங்கில் ஒரு துண்டு கறி
வழியில் நின்றுவிட்டது.
மண்டபத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் இடத்தில்
எச்சில் வடிய நின்றேன்.
‘மாசமா இருக்கியா மைனி?’ என்றது ஒரு பிள்ளை.

இடது விலாவுக்குக் கீழே
சட்டைப் பொத்தான் அளவு ஒரு மேடு,
ஊசி வழியே வளையத்தை இறுக்கும் வாசல்.
லாரி ஏறி, எண்கள் நடுங்கி நிற்கும்வரை
விரல் அதைத் தடவிக்கொண்டிருக்கும்.
போன மாதம் அது கொஞ்சம் புரண்டிருந்தது.
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

இந்த மேடையைச் சோதிக்க
வருடா வருடம் ஆள் வருகிறார்,
இரும்புக் கற்களை அடுக்கி, சரிபார்த்து,
முத்திரை வைத்துப் போகிறார்.
என் வளையத்தைப் பற்றிக் கேட்டு
ஒரு போன்கூட வந்ததில்லை.

வைத்த டாக்டர் மஸ்கட் போய்விட்டார்.
புதியவர் சின்னப் பையன். படத்தைத் தூக்கிப் பார்த்தார்.
இப்போது யாரும் இதை வைப்பதில்லையாம்,
எடுப்பதுதான் அதிகமாம்.
‘குழப்பமில்ல’ என்றார்.
அங்கே அதற்கு ஒன்றும் ஆபத்தில்லை என்று அர்த்தம்.
செங்கோட்டை தாண்டியும் எனக்கு
அது தமிழாகத்தான் கேட்டது,
குழப்பத்தைத் தவிர என்னிடம் வேறு என்ன இருக்கிறது?
எடுத்தால் எடை திரும்புமா? திரும்பலாம்.
வைத்திருந்தால் அரித்து உள்ளே இறங்குமா?
சிலருக்கு.
இருபது வருடம் கழித்து?
‘அப்போ நோக்காம்.’

மலைமேல் இருட்டுகிறது. பள்ளி முடிந்து
சுபிக்‌ஷா வந்து நிற்கிறாள். பதின்மூன்று வயது.
கொஞ்ச நாளாகச் சோற்றை ஓரம் தள்ளுகிறாள்,
துப்பட்டாவை வயிற்றின் மேல் இழுத்துவிடுகிறாள்.
‘எனக்கும் அந்த ரிங் வைப்பியாம்மா?’

நான் பதில் யோசிப்பதற்குள்
மேடையின் நடுவில் போய் நின்றுவிட்டாள்.
திரை நடுங்கி, அறுபது என்றது.
இது இருபது இருபதாகத்தான் எண்ணும்,
நாற்பது டன்னுக்காகச் செய்தது.
‘எவ்வளவும்மா காட்டுது?’

பின்னால் புனலூர் வண்டி ஹாரன் அடிக்கிறது.
‘அது லாரிக்குட்டீ. இறங்கு’ என்கிறேன்.
இறங்காமல் நிற்கிறாள்,
மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு.