செல்லாதவை: 43

நினைவு மலருக்கு எண்களைச் சரிபார்த்துத் தரச் சொன்னார்கள்.
பட்டியல் இப்படித் தொடங்குகிறது:

கேசவேலு படையாச்சி, டோங்காட்.
1984, ஆகஸ்ட் இருபத்தெட்டு.
வாக்காளர் பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது.
வந்தவர் ஆயிரத்து நூற்று இருபத்தேழு.
அவருக்கு நானூற்றுத் தொண்ணூற்றெட்டு.
வித்தியாசம் அறுபத்தொன்று.

சரிதான். எண்ணியவர்களில் நானும் ஒருவன்.
நகரசபை எழுத்தன், ஓவர்டைம் இருபத்தாறு ரேண்ட்.
ஆலைப் பக்கத்துக் கரும்புச் சாம்பல்
ஜன்னல் வழியே வந்து சீட்டுகளில் படிந்தது.
ஊதி ஊதி எண்ணினோம்.
தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

வெளியே பையன்கள் நோட்டும் பென்சிலுமாக
வாக்களித்துப் போகிறவர்களின் பெயரை
உரக்கச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தார்கள்.
வீட்டுக்குரியவனை வாசலில் நிறுத்திவிட்டு
நமக்கு மட்டும் ஓரமாய் ஒரு பந்தி.
அதற்கு இலை போடத்தான் அந்தத் தேர்தல்.

செல்லாதவை நாற்பத்து மூன்று.
ஒன்றில் கரும்பு வெட்டும் கத்தி, நன்றாக வரைந்தது.
ஒன்றில் கெட்ட வார்த்தை, எழுத்துப் பிழையோடு.
ஒன்றுக்குள் இரண்டு ரேண்ட் நோட்டு மடித்திருந்தது,
யாரிடமோ வாங்கியதைத் திருப்பியிருக்கிறார்கள்.
ஒன்றில் தமிழில் ஒரே சொல்:
வேண்டாம்.

அதிகாரி ஃபூரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
இது என்ன?
அந்த அறையில் தமிழ் வாசிப்பவன் நான் ஒருவன்தான்.
சாமி பேர், என்றேன்.
எந்தச் சாமி?
சின்னச் சாமி.
ரப்பர் முத்திரை விழுந்தது.

அந்த வே எனக்குத் தெரியும்.
கொம்பின் மேற்சுழியை மூடாமல் விட்டுவிடும் கை.
கோயில் சங்கக் கணக்கில் பதினோரு வருடம் பார்த்த கை.
வேட்டி நான்கு, வேப்பிலைக்கு வண்டிக்கூலி,
கீழே கையெழுத்து, செயலாளர்,
கேச
வேலு.

மாலை போட்டார்கள்.
நானூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கும் நன்றி சொன்னார்.
எங்களுக்கும் கை கொடுத்தார், ஃபூரிக்கு முதலில்.
கை ஈரமாக இருந்தது. ஆகஸ்டில், குளிரில்.

பிறகு ஏன் போனார் என்று என்னைக் கேட்காதீர்கள்.
போனார். சம்பளம் வாங்கினார். வெள்ளை நிற கார்.
கேப்டவுனில் ஐந்து வருடத்தில் மூன்று கேள்வி:
சாக்கடை, பள்ளிக்கூடக் கூரை,
மறுபடியும் அதே கூரை.

1989: எழுநூற்று முப்பத்தொன்று. வெற்றி, இருபதில்.
1994: எல்லோரும் வந்தார்கள்.
வரிசை ஆலை வாசலைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி,
எங்கே முடிகிறதென்று பார்க்கப் போனவன்
அங்கேயே வரிசையில் நின்றுவிட்டான்.
எண்ண நாலு ராத்திரி. விரல் நுனி தேய்ந்தது.
மாகாணப் பட்டியலில் அவர் நான்காவது,
கட்சிக்குக் கிடைத்தது இரண்டு.
1999: இரண்டாவது பெயர். பீட்டர்மாரிட்ஸ்பர்க் சட்டசபை.
கட்சிக்குத்தான் வாக்கு இப்போது,
அவருக்கென்று ஓர் எண் கிடையாது.
அந்தக் கட்டத்தில் கோடு போட்டிருக்கிறேன்.
2003: கட்சி மாறப் பதினைந்து நாள் அவகாசம்.
பதினான்காம் நாள் மாறினார்.
2004: இல்லை.
2006: வார்டு, சுயேச்சை. முப்பத்தெட்டு.

அந்த முப்பத்தெட்டை எண்ணிய இரவு
வாகன நிறுத்தத்தில் எனக்காகக் காத்திருந்தார்.
செல்லாதது எத்தனை, என்றார்.
ஒன்றுமில்லை, என்றேன்.
தலையாட்டினார்.
பன்னி சாவ் பொட்டலத்தைப் பிரித்துப்
பாதியை நீட்டினார்.
கார் பானெட்டில் வைத்துத் தின்றோம்.
இருபத்திரண்டு வருடமாக
ஃபூரியிடம் நான் சொன்ன சாமியைப் பற்றி
இரண்டு பேரும் பேசவில்லை.

மலரை அச்சுக்குக் கொடுக்குமுன் மகன் வந்தான்.
இடம் பற்றவில்லை அங்கிள்,
வெற்றி எண் இருக்கட்டும்,
செல்லாத வோட்டுக் கணக்கு யாருக்கு? எடுத்துவிடலாமா?

அப்பா படத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போடு, என்றேன்.
அந்த வரி இருக்கட்டும்.