பதினேழாம் கேள்வி

வின்னிபெக், சார்ஜென்ட் அவென்யூ லாண்ட்ரி.
டிரையர் நிற்க இன்னும் இருபத்தொரு நிமிடம்.
மடியில் ஏர் பிரேக் கையேடு,
ஓரமெல்லாம் மிளகாய்த்தூள் விரலடையாளம்.

ஐந்தாம் சக்கரம் என்கிறார்கள்,
அது சக்கரமே இல்லை.
ரிவர்ஸில் இடப்பக்கம் ஒடித்தால்
ட்ரெய்லர் வலப்பக்கம் போகும்.
இது எனக்குப் புதிதில்லை,
வீட்டில் பதின்வயதில் இரண்டு பேர்.

பதினேழாம் கேள்வியில்தான்
மூன்றாம் முறையும் சறுக்கினேன்:
காற்று முழுக்க இறங்கிவிட்டால் பின்சக்கரங்கள்?
'தடையின்றி ஓடும்' என்று குறித்திருந்தேன்.
இல்லையாம்.
உள்ளே ஒரு சுருள்வில்
எந்நேரமும் இறுக்கிப் பிடிக்கவே பார்க்கிறது.
அதை அமுக்கி
வண்டியைப் போகவிடுவதுதான் காற்று.

டிரையர் நின்றது.
காதுவரை ஏறியிருந்த தோள்களை
அப்போதுதான் கவனித்தேன்.

நாளை ஒன்பது பத்துக்குப் பரீட்சை.
மூச்சை ஆழ இழுத்துக்கொண்டு
சாக்ஸ்களை ஜோடி சேர்க்கிறேன்.
ஒன்று குறைகிறது.