அலுவலகப் பிரதி

போலந்திலிருந்து ஒரு பிள்ளை வருது, ஆறு வாரம்,
பாளையங்கோட்டைக்கு, நம்ம பள்ளிக்கூடத்துக்கு,
சம்பளமில்லாத வேலைக்கு என்றார்கள்.
நான் இங்கிலீஷைத் தூசி தட்டினேன்.
வெல்கம் மேடம், ஹவ் வாஸ் யுவர் ஜர்னி என்று
சந்திப்பு ஸ்டேஷனில் இட்லிக்கடைப் பக்கம் நின்று
நாலு தரம் சொல்லிப் பார்த்தேன்.

நெல்லை எக்ஸ்பிரஸ் ஒன்றரை மணி நேரம் லேட்.
இறங்கினாள். சொன்னேன்.
காதைத் தொட்டாள், கையை விரித்தாள், சிரித்தாள்.
கடிதத்தில் இதை யாரும் எழுதவில்லை.
எழுதித்தான் இருந்தது; நான் தேதியை மட்டும் வாசித்திருக்கிறேன்.
காது கேளாத பிள்ளைகளுக்குப் பதினோரு வருஷமாக
பஸ் பாஸும் உதவித்தொகை மனுவும் எழுதுகிறவன்
ஆட்டோவில் அவளிடம் சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தேன்.

அவளுடைய கைமொழி வேறு, நம் பிள்ளைகளுடையது வேறு.
தண்ணீருக்கு அவள் ஒன்று காட்டினாள்,
உச்சிமாகாளி வேறொன்று காட்டினான்,
இரண்டு பேரும் குழாயடிக்குப் போனார்கள்.
அப்படியே சோறு, அப்படியே மாடு, அப்படியே ஹெச்.எம்.
(ஹெச்.எம்.முக்கு என்ன காட்டினார்கள் என்று சொல்லமாட்டேன்.)
வியாழக்கிழமைக்குள் மேலப்பாளையத்து ஷமீமா
தன் அக்கா கல்யாணத்தை,
பிரியாணி பத்தாமல் போனது வரைக்கும்,
அவளுக்குச் சொல்லி முடித்திருந்தாள்.
என்னிடம் மூன்று வருஷத்தில்
லீவு என்பதற்கு மேல் ஒன்றும் காட்டியதில்லை.

பொறாமை இல்லை என்றால் பொய்.
ஸ்டாஃப் ரூமில் சொன்னேன்:
ஆறு வாரத்துக்கு வந்தவளுக்கு என்ன வே,
போட்டோ எடுத்துட்டுப் போயிருவா.
எபநேசர் சார் தலையாட்டினார். அவர் எதற்கும் ஆட்டுவார்.
போட்டோ எடுத்தாள்தான். தொண்ணூறு இருக்கும்.
முக்கால்வாசியில் பிள்ளைகளின் கைகள்
அசைந்து புகையாகக் கிடக்கின்றன.

ஐப்பசி, ராத்திரிச் சாப்பாட்டு நேரம்,
இடி இடித்துக் கரண்ட் போனது.
கரண்ட் போனால் எங்கள் ஹாஸ்டலில் பேச்சும் போகும்.
எமர்ஜென்சி விளக்கோடு ஓடினேன்.
வழக்கம்போல, சாம்பார் வாளியை யாரும் மிதிக்காமலிருக்க
வெளிச்சத்தைக் கீழே பிடித்தேன்.
அவள் என் மணிக்கட்டைப் பிடித்து உயர்த்தினாள்.

நாற்பது ஜோடிக் கைகள்
விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன.

கை கடுத்தது. மாற்றிப் பிடித்தேன்.
வாங்கிய நாளிலிருந்து அந்த விளக்கை
தரைக்குத்தான் காட்டியிருக்கிறேன்.

அப்புறம் துண்டுத்தாளில் எழுதிக் கேட்டாள்:
உங்கள் பேர் உங்களுக்குத் தெரியுமா?
சட்டையில் குத்தியிருந்த தனராஜைக் காட்டினேன்.
இல்லை என்று இடது உள்ளங்கையை விரித்து
வலது முட்டியை அதன்மேல் குத்தினாள்,
ஒரே தடவை, அழுத்தி.
உச்சிமாகாளி விழுந்து விழுந்து சிரித்தான்.
ரப்பர் ஸ்டாம்பு.
பதினோரு வருஷமாக என்னை அப்படித்தான்
கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்,
என் கண்ணெதிரேயே.
அவளுக்கு வைத்த பேர் கன்னத்தில் மூன்று புள்ளி.

இன்றைக்குச் சாயங்காலம் ரயில். சான்றிதழ் கேட்கிறார்கள்.
மாதிரிப் படிவத்தில் இருக்கிறது:
குழந்தைகளுக்குச் சிறப்பாகக் கற்பித்தார்.
ஏழாம் வாய்ப்பாடு ஏழாம் வாய்ப்பாட்டிலேயே நிற்கிறது.
குழாயடியில் ஒரு வாளி உடைந்தது.
அடித்துவிட்டு எழுதலாமா என்று பார்த்தேன்,
என்ன எழுத என்று தெரியாமல்
சிறப்பாக என்பதை மட்டும் விட்டு டைப் அடித்தேன்.
திரும்பவும் சேர்த்தேன்.

மைப்பெட்டி காய்ந்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன்.
குத்தினேன்.

ஜன்னலுக்கு வெளியே ஷமீமா நின்றாள்.
புருவத்தை உயர்த்தி, என்ன, என்றாள்.
ஒன்றுமில்லை என்பதற்கு எனக்குக் கை தெரியாது.
அடுத்த தாளை இழுத்து
இன்னொரு தடவை குத்தினேன்.