கொண்டை ஊசி வளைவு 9/14

குன்னூர் பேருந்து நிலையத்தில்
பாலகத்துக்கு எதிரே
சாக்கட்டியால் கோடு போட்டேன்.
ஏழு அடி நீளம், இரண்டு அடி அகலம்.
குழிக்கு அளவெடுக்கிறியாம்மா என்றார்
கோத்தகிரி வண்டியின் நடத்துநர்.
இல்லண்ணே,
இது உயிரோடு இருக்க.

பதினோரு மாதம்
அந்தக் கொட்டகையில் பதிவேடு எழுதினேன்.
கூளிமட்டத்துக்கு மேலே
தேயிலை விலை விழுந்தபோது யாரோ விற்ற சரிவில்
தகரக் கூரைக்குக் கீழே
நானூறு தாய்ப்பன்றிகள்.
பெயர் கிடையாது,
காதில் மஞ்சள் வில்லை.

இருநூற்றுப் பதினேழு
கம்பியைக் கடிப்பாள்.
காலை எட்டு மணிக்குக் கடித்த அதே கம்பியை
நான் கையெழுத்துப் போட்டுக் கிளம்பும்போதும்
கடித்துக்கொண்டிருப்பாள்.
எடை, சினை, ஈத்து, சாவு.
பதிவேட்டில் நான்கே கட்டம்.
கடிப்பதை எங்கே எழுத?

வேலையை விட்டேன். மனு எழுதினேன்.
முதல் தெருவில்
கேட்பதற்கு முன்பே கையெழுத்துப் போட்டார்கள்.
பன்னின்னாலே தீட்டு,
அதை மேய்க்கிற சனமும் பின்னாலேயே வரும் என்றார்
வாசலில் செய்தித்தாளோடு இருந்தவர்.
பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.
ஐயா, இந்த மனு பன்றிக்கு எதிரானது இல்லை.

அந்தத் தாளில் முப்பத்தெட்டுக் கையெழுத்து.
கிழித்துப் போட்டதற்கு
யோகராணி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.
எண்ணிக்கையத்தானடி ஆபீஸ்ல பார்ப்பாங்க என்றாள் மூன்றாம் நாள்.
அவள் சொன்னதும் சரிதான்.

கேரட் கழுவும் தொட்டியில் நுரை மிதப்பதைக் காட்டி
தண்ணிக்காகத்தான் போடறேன்,
பன்னிக்காக இல்லை என்றார் போஜன்.
போடுங்கள்.
தண்ணீர் யாருக்கும் துணை நிற்கும்.

மார்க்கெட்டில் கறி வெட்டும் இஞ்ஞாசியிடம்
போக வேண்டாம் என்றார்கள். போனேன்.
கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டார்.
எங்கப்பன் வளத்தது மண்ணைக் கிண்டும், சேத்துல புரளும்,
பேர் சொன்னா ஓடி வரும்.
வெட்டத்தான் வளத்தோம்.
ஆனா வெட்டுற அன்னிக்கு ஒருநாள்தான்
அதுக்குக் கெட்ட நாள்.
கொழுப்புப் படிந்த கட்டைவிரலை
அப்படியே வைத்தார்.
மை தேவைப்படவில்லை.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்வதில்லை.
அவள் அட்டையில்
தாயகம் திரும்பியோர் என்று இருக்கிறது.
பத்துக்குப் பத்து லயத்து அறையில்
எட்டுப் பேர் படுத்தோம்.
புரள வேண்டுமென்றால் எல்லோரும் சேர்ந்து புரள வேண்டும்,
அதற்கும் சிரிப்போம்.
ஒப்பிடவில்லை, அம்மா.
நமக்குக் கதவு இருந்தது,
கதவுக்கு வெளியே மலை இருந்தது.

நடத்துநர் கடைசியில்
கோட்டுக்குள் படுத்தே பார்த்தார்,
சும்மா, ஒரு பந்தயத்துக்கு.
ஒருக்களித்தார்.
சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.
தலைப்பக்கம் கால் வர முயன்றார்.
முழங்கால் கோட்டைத் தாண்டியது,
முதுகு தாண்டியது.
எழுந்து தூசி தட்டி
ஒன்றும் சொல்லாமல் விசில் ஊதினார்.
வண்டி புறப்பட்டுவிட்டது.
கையெழுத்துப் போடவில்லை.

திங்கட்கிழமை ஊட்டியில் மனுவைக் கொடுத்தோம்.
ரசீது தந்தார்கள்.
எங்களுக்கும் ஓர் எண்.

இப்போது விடியல் மூன்றரை.
மேட்டுப்பாளையம் சாலை, ஒன்பதாவது வளைவு.
இங்கேதான் லாரி
முதல் கியருக்கு வந்தாக வேண்டும்.
யோகராணி டார்ச் பிடிக்க, நான் பலகை பிடிக்கிறேன்.
பனியில் எழுத்து எனக்கே தெரியவில்லை.

வருகிறது.
பின்பக்கக் கம்பிகளுக்கு இடையே ஒரு காது, மஞ்சள் வில்லை.
எண் தெரியவில்லை.
இருநூற்றுப் பதினேழு என்றே வைத்துக்கொள்கிறேன்.
மூன்று வருடம்
ஒருமுறைகூடத் திரும்பாதவள்
லாரி திரும்புவதால் திரும்புகிறாள்.
இது ஆறாவது தடவை.

ஓட்டுநர் முகப்பு விளக்கை
ஒருமுறை ஏற்றி இறக்குகிறான்.
படித்துவிட்டானா,
விலகச் சொல்கிறானா?
பலகையை இறக்காமல் நிற்கிறேன்.

கீழே
இன்னும் எட்டு வளைவு.