மூன்றாம் பந்தி

செய்தி நேற்றிரவே நடந்து முடிந்துவிட்டது.
கொழும்பில், ஏழாம் மாடியில்,
ஏசிக் குளிருக்குச் சால்வை போர்த்திக்கொண்டு
நான்தான் நடத்தி முடித்தேன்:
தூதுவர் நாடாவை வெட்டினார்,
கோமாரி மீனவர்கள் கைதட்டினார்கள்,
ஐஸ் ஆலை
நாளொன்றுக்கு நாலு தொன் உறையவைத்தது.

மூன்றாம் பந்தியில் மட்டும் ஓட்டை.
மேற்கோள் குறி இரண்டு,
நடுவில் ஒன்றுமில்லை.
"பயனாளி. பெண் என்றால் நல்லது" என்று
ஓரத்தில் முதற்செயலாளரின் பென்சில்.

காலை பத்துக்குக் கோமாரி.
கச்சான் காற்று பதாகையைப் பிடுங்கி
நாட்டுக் கொடியைத் தலைகீழாய்த் தொங்கப்போட
நாலு கல்லும் ஒரு வள்ளக் கயிறும் வாங்கித்
திருத்திக் கட்டினேன். பத்திரிகைப் பிரிவு என்றால்
இதுவும்தான்.

படப்பிடிப்பாளனுக்குச் சொல்லி வைத்தேன்:
வள்ளம் வேண்டும், பிள்ளை ஒன்று வேண்டும்,
முள்ளுக்கம்பி வேண்டாம்.
கமராவை இடப்பக்கம் திருப்பினான்,
கம்பி இருந்தது. வலப்பக்கம்,
அங்கும் இருந்தது.
யாருடைய கம்பி என்று எவரும் சொல்லவில்லை,
எவரும் கேட்கவுமில்லை.
கடைசியில் தூதுவரைச் சுவரோடு சாத்தி
ஐஸ்பெட்டிகளுக்கு நடுவில் எடுத்தோம்.

மேற்கோளுக்கு நேசமலர் வந்தா.
சங்கப் பொருளாளர்,
நகக்கண்ணில் செதில்.
"இந்த உதவியப் பத்தி ஒரு வசனம் சொல்லுங்க அக்கா."
"ஐஸ் நல்லம் மனே."
எழுதினேன்.
"மீன எங்க இறக்குற?
எங்கட துறை கம்பிக்கு அங்கால கிடக்கு,
பன்னிரண்டு வருசமா.
மூணு மைல் சுத்தி, மணலுக்குள்ளால
தோள்ல தூக்கிக்கொண்டந்து இங்க வைக்கக்குள்ள
அது ஐஸ் கேக்காது மனே,
உப்புத்தான் கேக்கும்."

தூதுவர் சிரித்துக்கொண்டிருந்தார்.
அவருக்கு இன்னும் மொழி போய்ச் சேரவில்லை.
எல்லாவற்றையும் சொன்னேன், உள்ளதை உள்ளபடி,
உப்பைக்கூட விடாமல்.
தலையை மூன்று தரம் ஆட்டினார்.
"கவனத்தில் எடுக்கிறோம் என்று சொல்லுங்கள்."

பதினொரு வருடமாய் இந்தச் சொல்லை
அக்கரையில் ஏற்றி இக்கரையில் இறக்குகிறேன்.
பாரமே தெரிவதில்லை.

"என்னவாம்?"
"கேட்டுட்டாராம்" என்றேன்.
அது பொய்யில்லை.

வண்டி ஏறும்போது உரப்பையில் ஒரு பாரை மீன்,
புது ஆலையின் முதல் ஐஸ் சுற்றி.
ஐயாயிரத்துக்கு மேற்பட்ட அன்பளிப்புக்குப்
படிவம் நிரப்பவேண்டும்.
பாரைக்கு விலை கேட்க வாய் வரவில்லை.

பொத்துவில் தாண்டுமுன் ஆங்கிலம்
ஒப்பம் ஆகித் திரும்பி வந்தது.
மூன்றாம் பந்தியில் நேசமலர்
"எங்கள் குடும்பங்களுக்கு இது புதிய விடியல்" என்கிறா.
எழுத்துப் பிழை இல்லை.
அதைப் பார்த்துச் சிங்களம் எழுதி
அதுவும் போய்விட்டது.
தமிழ் மட்டும் என் மடியில்.
ஏழாம் மாடியில் அதை வாசிக்க
என்னை விட்டால் ஆளில்லை.

லாகுகலையில் யானை.
பண்டுல எஞ்சினை நிறுத்தினான்.
அந்தப் பத்து நிமிடத்தில்
விடியலை அழித்தேன்.
துறையை வைத்தேன். கம்பியை வைத்தேன், எடுத்தேன்,
திரும்ப வைத்தேன்.
உப்பு தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.
யானை எப்போது போனது என்று தெரியாது.
அனுப்பியிருந்தேன்.

மொனராகலையில் அழைப்பு.
அக்கரைப்பற்று ஹஸ்பர்,
இருபது பத்திரிகையாளரில்
இரண்டு பிரதியையும் வாசிக்கிற ஒரே ஆள்.
"தங்கச்சி, இங்கிலீசில விடியுது,
தமிழ்ல கம்பி கிடக்கு.
எதைப் போட?"

பின்னால் ஐஸ் உருகித்
தூதரகக் கம்பளத்தில் சின்னதாய் ஒரு களப்பு.
பண்டுல கண்ணாடியில் என்னைப் பார்த்து
மூக்கைச் சுளித்தான்.

"அந்த அக்காட நம்பர் தாறன்" என்றேன்.
"நீங்களே கேளுங்க.
நான் பத்திரிகைப் பிரிவு."