உறவுமுறை என்ற கட்டம்

முதல் நாள், காலை நாலே முக்கால்.
டான்டினாங் தெற்கில்
சாலட் இலைகளைப் பாக்கெட் போடும் ஆலை.
கையில் ஒரு படிவத்தைத் திணித்தார்கள்.
பெயர், வங்கிக் கணக்கு, ஒவ்வாமை ஏதும் உண்டா,
எல்லாம் எழுதிவிட்டேன்.
அவசரமென்றால் யாரை அழைப்பது?
உள்ளூர் நம்பராகக் கொடு, என்றான் சூப்பர்வைசர்.

கரூரில் இருக்கும் அண்ணன் நம்பரைப்
பாதி எழுதி அடித்தேன்.
மெல்பர்ன் வந்து ஒன்பது நாள்.
வீட்டுக்காரர் பெயரே
ரசீதில் பார்த்ததுதான்.

பக்கத்தில் தலைக்கு வலை மாட்டிக்கொண்டிருந்தவள்
எட்டிப் பார்த்து, "தமிழே?" என்றாள்.
"என்ர நம்பரப் போடும். பேர் சுகிர்தா.
எழுத எனக்கென்ன காசே செலவு?"
தெரிந்து பதினோரு நிமிடம்.
உறவுமுறை என்ற கட்டத்தில்
ஆன்ட்டி என்று போட்டேன்.
அதற்கு ஒரு வாரம் முகம் தூக்கினாள்:
"உம்மைவிட ஆறு வயசுதான் கூட எனக்கு."

உள்ளே நாலு டிகிரி.
இரட்டைக் கையுறைக்குள்ளும் விரல் மரத்துவிடும்.
பெல்ட்டில் லெட்டூஸ் வந்துகொண்டே இருக்கும்
முடிவில்லாமல் யாரோ மொய் வைப்பதுபோல.
இரைச்சலில் வாய் உதவாது.
புருவத்தில்தான் எல்லாம்:
புழு. அழுகல். அவன் வருகிறான், பின்னால்.

தமிழ் இடைவேளைக்கு.
நான் சீக்கிரம் என்பேன், அவள் கெதியா என்பாள்.
ஒருநாள் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில்
"நாளைக்குப் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.
அவள் ஊரில் பேசுவதென்றால் திட்டுவதாம்.
என்ன பிழை செய்தேனென்று
இரவெல்லாம் விழித்திருக்கிறாள்.
அதன்பிறகுதான் என்னை
அவளுடைய வெள்ளிநிறக் கரோலாவில் ஏற்றிக்கொண்டாள்.
வாரம் நாற்பது டாலர், பெட்ரோலுக்கு.

அந்த ஜூலையில் ஷிஃப்ட்டைக் குறைத்தார்கள்.
இரண்டு வாரம் நான் கொடுக்கவில்லை.
அவள் கேட்டாள். கேட்டது தப்பில்லை,
லாக்கர் அறையில், எல்லோர் முன்னாலும் கேட்டாள்.
மறுநாள் எண்பது டாலரையும் சில்லறையாக மாற்றி
முன் சீட்டில் கொட்டிவிட்டு இறங்கினேன்.

பிறகு நாங்கள் பேசவில்லை, என் தமிழில்.
அவள் தமிழில்
நிறையவே பேசியிருப்பாள்.

பக்கன்ஹாமில் முதியோர் இல்லத்து வேலைக்கு மாறினேன்.
லைசென்ஸ் எடுத்தேன்.
பதினாலு மாதம்.

நேற்று மத்தியானம் மிஸ்டர் காலஹனுக்குச்
சூப் ஊட்டிக்கொண்டிருந்தபோது
தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு.
ஆஸ்பத்திரி. குளிர் அறையில் வழுக்கி விழுந்த ஒருவர்,
உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறார்,
நீங்கள் அந்தக் காலேஜிலிருந்துதானே?

எந்தக் காலேஜ்?

படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது, என்றாள் நர்ஸ்.
உறவுமுறை: காலேஜ்.

புரிய நாலைந்து நொடி ஆனது.
கொலீக் என்று எழுதப்போய்
எங்கோ ஓர் எழுத்தை அவள் தவறவிட்டு,
எங்கோ ஒன்றைக் கூட்டியிருக்கிறாள்.
எப்போது எழுதினாள்? என்னிடம் சொல்லவே இல்லை.
ஆமாம், என்றேன்,
அந்தக் காலேஜ்தான்.

மணிக்கட்டில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள்.
கொஞ்சம் நரைத்திருந்தாள்.
"நம்பர் மாத்தேல்லையோ?" என்றாள் என்னைப் பார்க்காமல்.
நீங்க என் பேரை மாத்தலையா, என்று கேட்க வாயெடுத்து
"சாவியைக் கொடுங்க" என்றேன்.

ஆலை வாசலிலிருந்து அவள் காரைக் கொண்டுவந்தேன்.
ஸ்டியரிங் பக்கம் நான். இடப்பக்கம் அவள்,
பெல்ட் போட ஒரு கை போதாமல்.
நான்தான் குனிந்து மாட்டிவிட்டேன்.
சிக்னல் வரை இருவரும் வாய் திறக்கவில்லை.
"கெதியா எடும், பச்சை விழுந்திட்டுது."

எடுத்தேன்.
வளைவில் அவள் சீட்டுக்கு அடியில் ஏதோ உருண்டு
கதவில் முட்டி நின்றது.
ஒரு டாலராக இருக்கலாம்.
இரண்டு டாலராகவும் இருக்கலாம்.